மாடசாமியின் காலில் வந்த பச்சை

ரூபிக்கும் சாமுவேலுக்கும், நர்ஸ் படிப்பில் உங்களோடு இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது.

போன லீவுக்கு வந்தபோது ரூபி கிருமிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தாள். சாமுவேல் அதே பாடப் புத்தகத்தை நெஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டு தூங்கினான். "வாயில நுழையாத பேரா வச்சிருக்காக. இதையெல்லாம் என்னைக்கு நேர்ல பாக்கப் போறோம்" என்று ரூபி அலுத்துக்கொண்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவன். ஆனாலும் அந்தப் பெயர்களில் ஒன்றை எனக்கு முகம் பார்த்தே தெரியும். அது எங்கள் வார்டில் வந்து தங்கி, எல்லாரையும் ஆட்டி வைத்துவிட்டுப் போன கதையை எழுதுகிறேன். பரீட்சைக்கு உதவுமோ என்னவோ, கட்டுப் பிரிக்கிற கைக்கு உதவும்.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். விருதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் எலும்பு முறிந்தவர்களுக்கென்று ஒரே ஒரு நீள வார்டு. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் இருந்து எங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். தீ பட்டவர்கள் வேறு வார்டுக்குப் போய்விடுவார்கள். தீயைப் பார்த்து ஓடியவர்கள்தான் எங்களுக்கு.

அப்படி வந்தவர்தான் மாடசாமி. விஸ்வநத்தத்தில் ஓர் ஆலையில் லோடு ஏற்றுகிறவர். ஒரு நாள் ஷெட்டுக்குள் கம்பி மத்தாப்புக் கட்டு ஒன்று சீறியிருக்கிறது. மற்றவர்கள் வாசல் வழியாக வெளியே போனார்கள். மாடசாமி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் ஓடுகிற பள்ளம் இருந்ததை அந்தரத்தில் இருக்கும்போதுதான் நினைத்துக்கொண்டாராம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"தீ என்னாச்சு?" என்று கேட்டேன், லாரியில் இருந்து அவரை இறக்கும்போது.

"ஒரு வாளி மணல்லயே அணைஞ்சு போச்சுண்ணே. எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாக. நான் மட்டும் இங்கன வந்துட்டேன்."

வலியில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பின்னாலேயே அவர் மனைவி பேச்சி இறங்கினார். "எல்லாருக்கும் வாசல் இருந்துச்சு. இவருக்கு மட்டும் சுவர்தான் வாசல்" என்றார், அழுதுகொண்டே.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான மனிதர். அவருக்கு நடக்கத் தெரியாது, வராந்தாவில் எப்போதும் ஓட்டம்தான். எதற்கும் சிரிப்பார், எவ்வளவு மோசமான முறிவைப் பார்த்தாலும் முதலில் "பலே" என்பார். அன்றைக்கும் "பலே" என்றார். சேற்றையும் மண்ணையும் கழுவிக் கழுவி எடுத்தார். எலும்பை நேராக்கி, இரும்புத் தகடு வைத்து, திருகாணி முடுக்கி, மாவுக்கட்டுப் போட்டார். புண் இருக்கிற இடத்தில் மட்டும் மாவுக்கட்டில் சதுரமாக ஒரு துளை வெட்டினார். அதற்கு ஜன்னல் என்று பெயர். அந்த ஜன்னல் வழியாகத்தான் நான் தினமும் லோஷன் ஊற்றிப் புண்ணைக் கழுவி, துணி மாற்றவேண்டும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் காலையில் நான் ஜன்னலைத் திறந்து துணியை எடுத்தேன். துணி பச்சையாக இருந்தது. சும்மா பச்சை இல்லை பிள்ளைகளா. ஓரத்தில் கொஞ்சம் நீலம் ஓடிய, மயில் கழுத்து மாதிரியான பச்சை. கனிந்து போன திராட்சை மாதிரி லேசாக ஓர் இனிப்பு வாசனையும் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாடசாமியோ முழங்கையை ஊன்றி எழுந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, இது எங்க கம்பெனிப் பச்சைல்லா."

"என்னய்யா சொல்றே?"

"பச்சை மத்தாப்புண்ணே. அந்தப் பள்ளத்துலதான் பொடி கலக்குற ஏனத்தைக் கழுவி ஊத்துவாக. நான் விழுந்தப்ப எலும்புக்குள்ள போயிருக்கு. இப்ப வெளிய வருது. நல்லதுதான, வரட்டும்."

இதைக் கேட்டதும் வார்டே ஒத்துக்கொண்டது. இந்த ஊர்ப் பக்கம் ஒரு துணியில் நிறத்தைப் பார்த்தால் ஆலைச் சாயம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? உள்ளே போனது வெளியே வருகிறது, கால் சுத்தமாகிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சி எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்தார். மறுநாளில் இருந்து விஸ்வநத்தத்தில் இருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கிற மாதிரி, நான் துணி எடுக்கிற நேரத்துக்கு முன்னாலேயே வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். மூன்றாவது கட்டிலில் கை முறிந்து கிடந்த ஒருவர் வேறோர் ஆலையில் சிவப்பு மத்தாப்பு செய்கிறவர். அவருக்குப் பொறாமை.

"எனக்கும் சிவப்பு வருதே. என்னைய ஒருத்தரும் பாக்க வரமாட்டேங்காக."

"அது ரத்தம்ல" என்றார் மாடசாமி.

டாக்டர் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சாயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இது கிருமி. இப்படிப் பச்சை நிறம் காய்ச்ச இந்த ஒரு கிருமிக்குத்தான் தெரியும்" என்றார். சீழைப் பஞ்சில் தொட்டு, சின்னக் குப்பியில் அடைத்து மதுரைக்கு அனுப்பினார். அங்கே அவருடைய சிநேகிதர் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற கூடம் வைத்திருந்தார். பதில் வந்தது. சூடோமோனாஸ் என்றார் டாக்டர். எங்கள் வார்டு வாய்க்குள் போய் வெளியே வரும்போது அது சூடாமணி ஆகிவிட்டது. காலையில் வருகிற ஆட்கள், "சூடாமணி இன்னைக்கு எப்படி இருக்காக?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இங்கே கொஞ்சம் பாடம். எனக்கு டாக்டர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். எலும்பு முறிந்து தோல் கிழிந்தால் கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரி. ஒரு கூட்டம் மண்ணில் இருந்து வரும். ஒரு கூட்டம் நம்முடைய மூக்கில் இருந்தும் விரல்களில் இருந்தும் வரும், திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாக இருக்குமாம், அதன் சீழ் மஞ்சள். இந்தப் பச்சைக்காரன் தனி ரகம். அவனுக்கு வேண்டியது ஈரம். ஈரம் இருந்தால் போதும், சோறு குழம்பு கேட்கமாட்டான். நாங்கள் பெரிதாக நம்பிய பெனிசிலின் ஊசி அவனுக்கு எறும்புக் கடி. உள்ளே இரும்புத் தகடு இருந்துவிட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வாடகை இல்லாமல் குடியிருப்பான்.

"நம்ம சூடாமணியா அப்படி?" என்று மாடசாமி கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காகத் தன்னுடைய ஆலைப் போர்மேன் செல்லையாவுக்கு ஆள் அனுப்பினார். பொடி கலக்குவது செல்லையாவின் பொறுப்பு. அவர் ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று, நான் எடுத்துக் காட்டிய துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எவன்லே இதை எங்க பச்சைன்னு சொன்னவன்?"

"நான்தாண்ணே" என்றார் மாடசாமி, பெருமையாக.

"ஏலே, பச்சை மத்தாப்புக்குப் போடுற உப்பு வெள்ளை. சீனி மாதிரி வெள்ளை. தீ வச்சாத்தான் பச்சை வரும். பள்ளத்துல கிடந்து பச்சையாகுறதுக்கு அது என்ன பாசியா? நீ லோடு ஏத்துற ஆளு. பெட்டி மேல அச்சடிச்சு ஒட்டியிருக்க படத்தைப் பாத்துட்டு உள்ள இருக்கதும் அதே கலருன்னு நினைச்சுட்டு இருக்கே."

மாடசாமி துணியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இது என்னதுண்ணே?" என்றார். அப்போதுதான் அவருக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது. சொல்லிவைத்த மாதிரி அன்றைக்குச் சாயங்காலமே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் அந்தோணி வாத்தியார் இருந்தார். திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பஸ்ஸுக்கு வழிவிடப் போய் சைக்கிளோடு விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டு வந்தவர். அவருக்கும் அறுவை நடந்து, மாவுக்கட்டில் ஜன்னல் இருந்தது. பட்டாசு என்றாலே ஆகாது. தீபாவளிக்கு முதல் நாளே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்துத்தான் எடுப்பாராம். மாடசாமியைப் பார்க்க வந்த கூட்டத்தால் அவருக்குத் தூக்கம் கெட்டது. செல்லையா வந்து போன மறுநாள் வாத்தியாருடைய ஜன்னலைத் திறந்தேன். அதே மயில் கழுத்துப் பச்சை.

"சார், நீங்க எப்ப பட்டாசு ஆலைக்குப் போனீக?" என்று மூன்றாவது கட்டில்காரர் கேட்டார்.

"வாயை மூடுறீரா" என்றார் வாத்தியார்.

இரண்டு கால்களில் ஒரே பச்சை. டாக்டர் வராந்தாவில் ஓடினார், திரும்பி ஓடினார். எங்களை எல்லாம் கூப்பிட்டார். நானும், வார்டுப் பொறுப்பில் இருந்த ஞானம் சிஸ்டரும், கூட்டுகிறவர்களும் வரிசையில் நின்றோம். "இவன் ஒரு கட்டில்ல இருந்து இன்னொரு கட்டிலுக்குத் தானா நடக்கமாட்டான். எதுலயோ ஏறி வாரான். வார்டுல ஈரமா இருக்கிற எல்லாத்தையும் தேடுங்க" என்றார்.

தேடினோம் பாருங்கள். தீபாவளிக்கு வீடு ஒதுங்க வைக்கிற மாதிரி வார்டையே புரட்டினோம். கை கழுவுகிற தொட்டி, தரை துடைக்கிற துணி, குடிக்கிற தண்ணீர்க் கூஜா, மாதா படத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடி, எல்லாவற்றில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஊசிமருந்துக் குப்பிகளில் அடைத்து, அட்டைப் பெட்டியில் வைத்து, நானே மதுரை பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"என்ன இது?"

"கிருமி."

"உசிரோடயா?"

"உசிரோட போனாத்தான் பிரயோஜனம்."

"அப்ப அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்ல" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். மதுரை வரைக்கும் ஒரு சீட் முழுவதும் எனக்கே. காலை நீட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான். மதுரையில் இருந்து வந்த பதில்படி தொட்டியில் சூடாமணி கொஞ்சம் இருந்தது, மற்ற எதிலும் இல்லை. தொட்டி எழுந்து கட்டிலுக்கு வராது. தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம், கைகளைத் தோல் உரியக் கழுவினோம். அப்படியும் வாத்தியார் துணியும் பச்சை, மாடசாமி துணியும் பச்சை. மாடசாமிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஜன்னலைச் சுற்றித் தோல் சிவந்து, சிவப்பு மேலே ஏறத் தொடங்கியது.

டாக்டர் பேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். விஷம் ரத்தத்தில் கலந்தால் ஆள் போய்விடும், காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், நாளைக் காலையில். பேச்சி திரும்பி மாடசாமியின் கட்டிலைப் பார்த்தார். பிறகு, "லோடு ஏத்துறவருக்குக் கால் இல்லேன்னா வேற என்ன வேலை தெரியும்? கால் இருக்கும்போதே இவரை ஒரு இடத்துல உக்கார வைக்க முடியாது. உக்காந்தே இருன்னா செத்துப் போவாரு" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆளு வேணும்ங்கய்யா. எடுத்துருங்க" என்றார்.

மறுநாள் காலை. அறுவை அறையில் ரம்பமும் கத்திகளும் கொதித்துக்கொண்டிருந்தன. "ஒரு தடவை கழுவி, புதுத் துணி வச்சுக் கொண்டு வா" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்திலேயே நின்றார். மாடசாமி கண்ணை மூடியிருந்தார். நான் லோஷன் பாட்டிலை எடுத்து, கார்க்கைப் பிடுங்கி, ஜன்னலுக்கு நேரே சாய்க்கப் போனேன். அடுத்த கட்டிலில் இருந்து வாத்தியார் கனைத்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்த நேரத்துல கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க சார்" என்றார் டாக்டர். அவர் கவனம் அங்கே இல்லை.

"பையங்களுக்குத் தொட்டிக் கணக்குப் போடுவேன். ஒரு குழாய்ல தண்ணி வருது, ஒரு குழாய்ல போகுது, தொட்டி எப்ப காலியாகும்னு. படுத்த நாள்ல இருந்து இந்தப் பாட்டிலைப் பாக்குறேன். ரெண்டு பேர் கால்லயும் ஊத்துறாரு, ஊத்துறாரு, கழுத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. இது எப்பத்தான் காலியாகும்?"

ஞானம் சிஸ்டருக்கு அதைக் கேட்டதில் சந்தோஷம். அவர் சாத்தூர்க்காரர், வார்டைச் சொந்த வீடு மாதிரி வைத்திருப்பவர். "காலியாகவே விடமாட்டோம் சார். கொஞ்சம் குறைஞ்சதும் நானே மேல ஊத்தி நிறைச்சிருவேன். வீட்ல உப்புச் சாடியை அடி தெரிய விடுவோமா? அந்த மாதிரிதான். லோஷன் இல்லைன்னு எங்க வார்டுல யாரும் சொல்லக்கூடப்படாது. தீர்ந்துட்டா நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும்னு சொல்லியிருக்கேன்."

உண்மைதான். நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தானே. உப்புச் சாடியையும் அரிசிப் பானையையும் துடைத்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று, பழையதன் மேலேயே புதியதைக் கொட்டுவோம். அந்த வழக்கம் எங்களோடு கூடவே நடந்து வார்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதை நான் அந்த நிமிஷம் வரை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"சிஸ்டர், இந்தப் பாட்டிலைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"எதுக்கு டாக்டர் கழுவணும்? உள்ள இருக்கதே கிருமியைக் கொல்ற லோஷன்தான?"

டாக்டர் என் கையில் இருந்த கார்க்கை வாங்கினார். அதன் அடிப்பக்கத்தை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். அப்படியே என் மூக்குக்கு நீட்டினார். கனிந்து போன திராட்சை. பாட்டிலை வெள்ளைப் பீங்கான் பேசினில் கவிழ்த்தார். முதலில் தெளிவாகத்தான் வந்தது. கடைசியில் பாட்டிலின் அடியில் இருந்து, ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி வழவழவென்று ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அதற்கும் லேசாகப் பச்சை.

டாக்டர் மாடசாமியின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நம்ம சூடாமணிக்கு நாமளே தினமும் ரெண்டு பந்தி பரிமாறியிருக்கோம்" என்றார். தண்ணீர் கலந்த லோஷனில் மற்றக் கிருமிகள் சாகும், இவன் சாகமாட்டான், ஈரமான கார்க்குக்குள்ளே பதுங்கிக்கொள்வான், மேலே மேலே ஊற்ற ஊற்ற அடியில் பெருகிக்கொண்டே இருப்பான் என்று அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே விளக்கினார். திருடனை ஊர் முழுக்கத் தேடினோம். அவன் போலீஸ் ஸ்டேஷனில் பாய் விரித்துப் படுத்திருந்தான். மதுரைக்கு அத்தனை குப்பி கொண்டுபோன நான் லோஷனில் ஒரு குப்பி எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை.

சிரிப்பு நின்றது. இனிமேல்தான் கஷ்டம். காலை வெட்டுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. வெட்டாமல் விடுவதற்குத் தயாராக ஒன்றும் இல்லை. காய்ச்சல் அப்படியே இருந்தது, சிவப்பும் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே இருந்து வருகிற கிருமி என்று நினைத்துத்தான் காலை எடுக்கப் போனோம். வெளியே இருந்து நாங்கள் ஊற்றிய கிருமி என்றால், ஊற்றுவதை நிறுத்திப் பார்க்காமலே எடுப்பதா?

டாக்டர் வராந்தாவுக்குப் போனார். அந்த ஒரு தடவைதான் அவர் நடந்து நான் பார்த்தது. பேச்சியின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இத்தனை நாளா நாங்களே உங்க வீட்டுக்காரர் கால்ல கிருமியை ஊத்தியிருக்கோம். தெரியாமத்தான். ஆனாலும் தப்பு எங்க பக்கம்தான். அதை நிறுத்திட்டா கால் தேறலாம். தேறாமலும் போகலாம். இன்னைக்குக் காலை எடுக்காம, கெட்டுப் போன எலும்புத் துண்டை மட்டும் எடுத்துட்டுப் பாக்கேன். ஆனா அந்தச் சிவப்பு முழங்காலைத் தாண்டுச்சுன்னா உங்ககிட்டக் கேக்காமலே எடுத்துருவேன். காலைக் காப்பாத்தப் போயி ஆளை விடமாட்டேன்."

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். "தப்பு எங்க பக்கம்னு டாக்டர் ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்குறேன். அந்த வாய்க்காகவே விட்டுப் பாக்கலாம்ங்கய்யா" என்றார்.

அறுவை அறை வீணாகவில்லை. ஆடிப் போயிருந்த தகட்டையும் திருகாணிகளையும் எடுத்தார். செத்த எலும்புத் துண்டுகளைப் பொறுக்கினார். புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டு, மறுபடி மாவுக்கட்டுப் போட்டு, பெரிய ஜன்னலாக வெட்டினார். எந்த லோஷனும் கிடையாது. அவ்வப்போது கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீர், அதற்குப் பிறகு ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடியில் இருக்கிறதே அந்தப் புளிப்பு அமிலம், அதைத் தண்ணீர் கலந்து நனைத்த துணி. இந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாதாம்.

வார்டு முழுவதும் ஊறுகாய் வாசனை. பார்க்க வருகிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறியது. "இது எலும்பு வார்டா, ஊறுகாய்க் கடையா?" என்று கேட்டார்கள். மாடசாமி மயக்கம் தெளிந்து, போர்வைக்கு மேலே கையால் தடவித் தடவி இரண்டு காலும் இருப்பதை உறுதிசெய்துகொண்டார். பிறகு மோந்து பார்த்தார்.

"காலை எடுக்கலேன்னு சொன்னாக. ஊறப் போட்டுல்லா வச்சிருக்காக."

அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு கிடந்தோம். டாக்டர் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். முதல் நாள் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியது. பேச்சி வாய்க்குள்ளேயே அம்மனைத் திட்டினார். அடுத்த நாள் அங்கேயே நின்றது. அதற்கடுத்து இறங்கியது. காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பிறகு வருவதை மறந்துவிட்டது. வாத்தியாரின் துணி முதலில் வெளுத்தது. அதில் மாடசாமிக்குக் கோபம். "கணக்குக் கேட்டவருக்கு முதல் மார்க்கா" என்றார். ஒரு நாள் காலையில் நான் மாடசாமியின் துணியை எடுத்தேன். வெள்ளை. அடியிலும் வெள்ளை. கூடி நின்றவர்கள் பச்சை வந்தபோது பட்ட சந்தோஷத்தைவிட இருமடங்கு பட்டார்கள். மூன்றாவது கட்டில்காரர் முறியாத கையால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார். பேச்சி மறுபடியும் பொரிகடலைக்குப் போனார்.

அந்தப் பாட்டிலையும் கார்க்கையும் மதுரைக்கு அனுப்பியிருந்தோம், வெளியூர் போனில் பதில் வந்தது. பாட்டிலில் இருந்ததும் காலில் இருந்ததும் ஒரே ஆள்தான், கார்க்குக்குள் குடும்பத்தோடு இருந்தான் என்றாராம் சிநேகிதர். அன்றைக்கே கார்க்குகள் அடுப்புக்குப் போயின. மூடி போட்ட சின்னப் பாட்டில்கள் வந்தன. சாயங்காலம் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கொதிக்க வைத்து, கவிழ்த்து வைக்க வேண்டும். ஞானம் சிஸ்டர்தான் அதை முன்னின்று செய்தார். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் கொட்டினார். பழக்கம் லேசில் போகுமா? ரொம்ப நாள் வரைக்கும், கவிழ்ந்து கிடக்கிற காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பிள்ளைகளா, உங்கள் காலத்தில் நல்ல நல்ல ஊசிகள் வந்துவிட்டன. வரட்டும். ஆனால் ஒரு புண் ஆறவில்லை என்றால் புண்ணை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சுத்தம் செய்கிற சாமான் என்பதால் அது சுத்தமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். படுத்திருக்கிறவர் சந்தேகம் கேட்டால், எந்த நேரமாக இருந்தாலும் காது கொடுங்கள். நம் வீட்டு உப்புச் சாடியை அம்மா எப்போதும் போல நிறைத்தே வைக்கட்டும், அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

மாடசாமிக்கு எலும்பு கூடப் பல மாதம் ஆயிற்று. கால் கொஞ்சம் குட்டை. கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு நடந்தார். கட்டையை எடுத்துவிட்டு நடந்து பாருமய்யா என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மாடசாமிக்குக் கால் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் காலைக் காட்ட வந்தபோது போர்மேன் செல்லையாவையும் கூட்டி வந்தார். செல்லையா மடியில் இருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். திருத்தங்கலில் இருந்து அந்தோணி வாத்தியாரும் வந்திருந்தார், காதில் பஞ்சோடு.

"உங்க ஆஸ்பத்திரியில எங்க பச்சைக்குக் கெட்ட பேரு வந்து போச்சு. அதைத் துடைக்கணும்ல" என்றார் செல்லையா.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மண் தரையில் ஒரு செங்கல் வைத்து, அதன்மேல் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். சீனி மாதிரி வெள்ளை. பற்றவைக்கிற உரிமை தனக்குத்தான் என்றார் மாடசாமி. கட்டையை ஊன்றி, குனிந்து, நீளக் குச்சியால் தொட்டார்.

குபீர் என்று பச்சை. எங்கள் எல்லார் முகமும் பச்சை. ஞானம் சிஸ்டரின் வெள்ளைச் சேலை பச்சை. சுவர் பச்சை, வேப்பமரம் பச்சை. சத்தமே இல்லாத வெளிச்சத்துக்கு வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் தணிந்தபோதுதான் பேச்சி பார்த்தார். கக்கத்துக் கட்டை செங்கல் பக்கத்தில் கிடந்தது. மாடசாமி எங்களுக்கெல்லாம் பின்னால், கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். தீ எழுந்ததும் பழைய பழக்கத்தில் குதித்து ஓடிவிட்டார்.

"பாத்தீகளா, இந்தக் குதிதான். இந்தக் குதிக்குத்தான் இம்புட்டுப் பாடும்" என்றார் பேச்சி. அவருக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஓடினார். மண்ணில் முட்டி போட்டு, மாடசாமியின் காலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதாலே?"

"இல்லைங்கய்யா" என்றார் மாடசாமி, இரண்டு காலிலும் நின்றுகொண்டு. "எங்க பச்சை எப்படி, நல்லா இருந்துச்சா?"